வகுபடாத எண்ணும் எழுபத்திரண்டு தலைக்கட்டும்

தும்பையேந்தலுக்கு பஸ் வராது, மாப்பிள்ளைகளுக்குப் பெண் வராது, கண்மாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அதிகம், ஓட்டுக் கேட்கிறவர்கள்கூட முக்குரோட்டில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பதினோரு இலக்கத்தில் ஒரு எண் வந்து அய்யனார் கோயில் பொட்டலில் நின்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, நம்மையும் மதித்து ஒன்று வந்திருக்கிறதே என்று பெருமைதான் பட்டார்கள்.

எண் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. முன்னால் ஏழு, அடுத்து இரண்டு, அதன் பின்னால் வரிசையாக ஐந்து ஒன்பதுகள், பிறகு ஐந்து, நான்கு, பூஜ்யம், கடைசியில் ஒல்லியாக ஒரு ஒன்று: 72,99,99,95,401. தொட்டுப் பார்த்தால் மாட்டு விலாவைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. ஆடுகள் ஒன்பதுகளின் வளைவில் முதுகைத் தேய்த்துக்கொண்டன, ஒரு கோழி பூஜ்யத்துக்குள் போய் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. ஊர் கூடி நின்று ஒன்று, பத்து, நூறு என்று வாலிலிருந்து விரல் விட்டு, இரண்டு தடவை தப்பாகவும் மூன்றாம் தடவை சரியாகவும் வாசித்தது: ஏழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்து நானூற்று ஒன்று.

எதனுடைய எண்ணிக்கை என்று கேட்க ஒரு ஆள் இல்லை. மாவு மில் வைத்திருக்கும் இருளாயிதான், மில்லைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவள், "இது ரூவாயா, நெல்லா, இல்ல இந்த ஊரு இதுவரைக்கும் பேசுன பொய்யா?" என்று கேட்டாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஊர்ப்பெரியவரான வெள்ளைக்கண்ணு அம்பலம் சிரிக்கவில்லை. "எதா இருந்தா என்ன? ஊருக்கு வந்ததுக்குப் பங்கு உண்டுல்ல?" என்றார். அதற்கு மேல் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் தும்பையேந்தலில் யோசிக்கிற வேலையையும் அம்பலமே பார்த்துக்கொள்வார்.

போதாததற்கு எண்ணின் நெற்றியிலேயே எழுபத்திரண்டு என்று இருந்தது. தும்பையேந்தலில் எழுபத்திரண்டு தலைக்கட்டு. மாற்றிக் கேட்க இதில் என்ன இருக்கிறது, விலாசம் எழுதி ஒட்டி அனுப்பின மாதிரி அல்லவா வந்திருக்கிறது என்று ஊர் பூரித்துப்போனது.

தலைக்கட்டு என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கண்மாய் மீனானாலும் கோயில் கிடாக்கறியானாலும் மடைத்தண்ணீர் முறையானாலும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. பெண்சாதி செத்தாலும் அவன் தலைக்கட்டுதான்; புருஷன் செத்தால் அவள் யாருமில்லை. ஊரில் மேல வகையறா, கீழ வகையறா என்று இரண்டு கூட்டம். முன்னொரு காலத்தில் கோயிலில் யாருக்கு முதல் விபூதி என்று அடித்துக்கொண்டு, மண்டை உடைந்து, கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் இரண்டு வகையறாவும் எப்போதும் சமமாகவே இருப்பது என்று சத்தியம் செய்திருந்தார்கள். அதனால் மேலத்தெருவில் ஒருவனுக்குக் கல்யாணம் என்றால் கீழத்தெருவிலும் ஒருவனுக்கு அதே முகூர்த்தத்தில் தாலி கட்டவேண்டும். ஒரு பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், மறுபக்கத்தில் ஒருவர் இறக்கும்வரை, போனவரும் தலைக்கட்டாகவே நீடிப்பார். அவர் பேரைக் கூப்பிடுவார்கள், அவர் பங்கை இலையில் வைப்பார்கள், காக்கையோ நாயோ வந்து வாங்கிக்கொண்டு போகும்.

இந்த ஏற்பாட்டின் அழகை இருளாயியைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் கிடையாது. அவள் புருஷன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்ததும், ஊர் கூடி, கல்யாணத்தை முறித்து, அவளைத் தீர்த்துவிட்டது; கட்டிக்கொடுத்துப் போனதால் அப்பன் வகையறாவிலும் இல்லை, தீர்த்துவிட்டதால் புருஷன் வகையறாவிலும் இல்லை என்று தீர்ப்பு. அவள் பாட்டுக்கு மிளகாயும் மல்லியும் அரைத்துப் பிழைத்தாள், கீழ வகையறாக்காரனான அப்பன் கூத்தனோடு சேர்ந்து கண்மாய்க்குக் கீழே இருந்த அரை ஏக்கரில் நெல் போட்டாள். கூத்தன் இறந்துபோனான். ஆனாலும் வயலுக்குத் தண்ணீர் முறை வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் மேல வகையறாவில் அந்த வருஷம் யாரும் சாகவில்லை. பிறகு அங்கே ஒரு பெரியவர் மார் வலித்துச் செத்தார். ஊரே அவருக்காக அழுதது. இருளாயி மட்டும் வயலுக்காக அழுதாள். செத்த அப்பனுக்கு வந்த தண்ணீர் உயிரோடிருக்கிற மகளுக்கு வரவில்லை. இந்த ஐப்பசியில் கண்மாய் முக்கால்வாசி நிறைந்திருந்தும், நட்ட பயிர் இன்னும் ஒரு மாதத்தில் பால் பிடிக்க வேண்டியதாயிருந்தும், அவள் வரப்புக்கு வெளியே வாய்க்கால் சலசலத்து ஓடிற்று, உள்ளே மண் வெடித்துக் கிடந்தது.

எண்ணைப் பங்கு வைக்க நாள் குறித்தார்கள். ஊர்க்கூப்பாடு போடுகிற சோணை கொட்டுமேளத்தைத் தட்டி, மனப்பாடமாக எழுபத்திரண்டு பேரையும் கூப்பிட்டான். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். கடைசிப் பேர் சொல்லி முடித்து "எழுபத்திரண்டு பங்கு!" என்று சோணை குரல் கொடுத்த மாத்திரத்தில் எண் மெல்ல உடம்பை உலுக்கி, எழுபத்திரண்டு கூறாகப் பிரிந்து பொட்டலில் பரந்து உட்கார்ந்தது. கூறுக்கு நூற்றொரு கோடியே முப்பத்தெட்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. ஒரு ஒன்று மட்டும் எந்தக் கூறிலும் சேராமல் நடுவில் நின்றது. அங்குமிங்கும் பார்த்தது. பிறகு தூசியைத் தட்டிக்கொண்டு, ஆண்கள் கூட்டத்தை விலக்கி, தெருவில் இறங்கி, நேராக இருளாயியின் மில் வாசலில் போய் நின்றுகொண்டது.

"ஒண்ணுதான, போனாப் போகுது" என்று அவரவர் கூறைத் தூக்கப் பார்த்தார்கள். பிடிக்குப் பிடி நழுவிற்று. மீதி இருக்கிற பங்கு பங்காக நிலைக்காது போலிருக்கிறது. கூறுகள் எல்லாம் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்து, பழையபடி வரிசையில் எழுந்து நின்றுவிட்டன, வாலில் மட்டும் ஒன்றுக்குப் பதில் பூஜ்யத்தோடு. மறுபடி கொட்டுச் சத்தம் கேட்டால் அந்த ஒன்று ஓட்டமாக ஓடிவந்து வாலில் சேரும். பிரித்ததும் மறுபடி இருளாயி வாசலுக்குப் போகும்.

ஊர் சும்மா இருக்குமா? வகையறாவுக்கு ஒன்றாக இரண்டு பங்கு போட்டுப் பார்த்தார்கள்: ஒன்று மிஞ்சிற்று. தெருவுக்கு ஒன்றாக மூன்று: ஒன்று மிஞ்சிற்று. மடைக்கு ஒன்றாக நான்கு, கோயிலுக்கும் சேர்த்து ஐந்து, பிறகு ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, எதைப் போட்டாலும் அதே ஒன்றுதான் அசையாமல் எழுந்து அதே வாசலுக்கு நடந்தது. ஏழு பங்கு போட்ட அன்று மட்டும் நான்கு மிஞ்சி, நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக இருளாயியிடம் போயின. கொட்டைத் தட்டித் தட்டி சோணையின் கை வீங்கியது. ஜோசியரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் இலக்கங்களைக் கூட்டினார். அறுபத்து நான்கு வந்தது, அதைக் கூட்டினால் பத்து, அதையும் கூட்டினால் ஒன்று. "ஒண்ணு சூரியன். ராஜாவோட எண். ராஜா எங்கய்யா பங்கு பிரிவான்?" என்று சொல்லி, சேவலும் தட்சணையும் வாங்கிக்கொண்டு போனார்.

இருளாயிக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மாவு அரைக்க வருகிறவர்கள் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. "ஏன், என் வாசல்தான் கெடச்சுச்சா உனக்கு? அம்பலத்து வீடு பெரிய வீடுதான, அங்கிட்டுப் போறது?" என்று துடைப்பத்தால் தட்டிவிட்டாள். ஒன்று நகரவில்லை. வெயில் ஏறியதும் அதற்கே பாவமாகிவிட்டது போல மில் நிழலுக்குள் ஒதுங்கிற்று. சாயங்காலம் வயலுக்குப் போனபோது அதுவும் பின்னால் வந்து, வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றது. அவளோடு அந்த வரப்பில் வந்து நின்ற ஆள், அப்பன் போன பிறகு, அது ஒன்றுதான். பெயரும் ஊரும் இல்லாத ஒரு ஒன்றுக்கு முன்னால் அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நன்றாக அழுதுவிட்டு வந்தாள்.

கடைசியில் டவுன் காலேஜில் கணக்குப் பாடம் நடத்தும் தேவசகாயம் என்பவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் எண்ணை முன்னாலும் பின்னாலும் சுற்றி வந்து, லேப்டாப்பில் தட்டி, மோரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இது ரெண்டே ரெண்டு பகா எண்ணைப் பெருக்குனா வர்ற எண்ணுங்க. ஒண்ணு எழுபத்து மூணு. இன்னொண்ணு தொண்ணூத்தொம்பது கோடியே தொண்ணூத்தொம்பது லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. நீங்க எழுபத்து மூணு பங்கு போட்டா மிச்சமில்லாமப் பிரியும். இல்லாட்டி தொண்ணூத்தொம்பது கோடிச் சொச்சம் பங்கு போடணும். வேற எப்பிடிப் போட்டாலும் மிச்சம் விழும்."

கீழ வகையறாவின் பெரிய ஆளான சாத்தையா இரண்டாவது வழியைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். பிள்ளை குட்டி பெருகினால் என்றைக்காவது ஊரில் தொண்ணூற்றொன்பது கோடி தலைக்கட்டு ஆகாதா என்று கேட்டார். தேவசகாயம் பைக்கைக் கிளப்பச் சொன்னார்.

ஆக, எழுபத்து மூன்று வேண்டும். இங்கேதான் தும்பையேந்தலின் தலையெழுத்து சிக்கிக்கொண்டது. ஒரு கல்யாணம் செய்தால் எதிர்ப்பக்கமும் செய்தாக வேண்டும், எழுபத்து நான்காகிவிடும். சும்மா எழுபத்து நான்கு என்று குரல் கொடுத்துப் பார்த்ததில் இருபத்தைந்து மிஞ்சி, இருளாயியின் வாசலில் மிளகாய் காயப்போட இடமில்லாமல் போயிற்று. எழுபத்திரண்டில் ஒருவரைக் கழிக்கலாம் என்றால் யாரைக் கழிப்பது? எழுபத்தொன்று என்று கூப்பிட்டதற்கு இருபத்திரண்டு மிஞ்சிற்று, அது போக இரண்டு பேர் அரிவாளைத் தேடிப் போனார்கள். எவ்வளவு புரட்டினாலும் இரட்டைப்படையை விட்டு இறங்க முடியாத ஒரு ஊருக்கு ஒற்றைப்படையில் ஒரு எண் வந்து மாட்டியிருந்தது.

அடுத்த கூட்டத்தில், வேப்பமர நிழலுக்கு வெளியே, பெண்கள் நிற்கிற வெயிலில் நின்றுகொண்டு இருளாயி வாயைத் திறந்தாள்.

"மாமா, நான் ஒண்ணு கேக்கவா? எனக்கு மேல வகையறாவும் இல்ல, கீழ வகையறாவும் இல்லன்னு நீங்கதான் தீர்ப்புச் சொன்னீக. அப்ப என்னைய எண்ணுனா யாரு பக்கமும் கூடாதுல்ல? நான் தனியா உலை வைக்கிறேன், கோயில் வரி குடுக்கிறேன். எழுபத்து மூணாவது தலைக்கட்டா என்னைய எண்ணிக்கங்க. எண்ணைப் பிரிச்சுக்கங்க. எனக்கு மடைத்தண்ணி முறை மட்டும் வந்தாப் போதும்."

கணக்கு அவ்வளவு நேராக வந்து விழுந்ததில் கூட்டம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"பொம்பளையத் தலைக்கட்டுன்னு கூப்பிட்டா பக்கத்து ஊர்க்காரன் காறித் துப்ப மாட்டானா?" என்றார் சாத்தையா. வாழ்க்கையில் முதன்முறையாக அம்பலம் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார். மேல வகையறாவும் கீழ வகையறாவும் மனமொத்துப்போன நாள் அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே அது ஒன்றுதான்.

ஆனாலும் பங்கு ஆசை விடுமா? ஆசையும் வேண்டும், வழக்கமும் கெடக்கூடாது என்றால் புத்தி எங்கெங்கோ வேலை செய்யும். யார் முதலில் சொன்னது என்று பிற்பாடு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் யோசனை கிளம்பியதும் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது: இருளாயி வாசலில்தான் ஒன்று நிற்கிறதே, நெட்டுக்குத்தலாக, ஆண்பிள்ளை லட்சணமாக, வகையறா எதுவும் இல்லாமல், அதற்கே அவளைக் கட்டிவைத்துவிட்டால் என்ன? கல்யாணமானால் அது தலைக்கட்டு. தலைக்கட்டு ஒன்று கூடினால் எழுபத்து மூன்று. வகையறா இல்லாததால் எதிர்ப்பக்கம் ஈடு கட்டவும் வேண்டாம். தோஷம் என்றால் வாழைமரத்துக்குத் தாலி கட்டுவதில்லையா, அது மாதிரிதான். தீர்த்துவிட்டவளுக்கு மறுகல்யாணமா என்று ஒருவர் முணுமுணுத்தார். எண்ணுக்குக் கட்டுவது எப்படிக் கல்யாணமாகும் என்று அவரை அடக்கினார்கள். கல்யாணமாகாது என்றால் எப்படித் தலைக்கட்டாகும் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு, உமக்குப் பங்கு வேணுமா வேணாமா என்று கேட்டார்கள். அவர் பந்தலுக்கு ஓலை வெட்டப் போனார்.

அம்பலத்தின் பெண்சாதி நாச்சம்மைதான் சேதி சொல்ல வந்தாள். "ஏத்தா, கோவிச்சுக்காத. ஆம்பளைக அப்பிடித்தான் முடிவு பண்ணியிருக்காக. உனக்குத் தண்ணி வருமுல்ல, அதப் பாரு."

"அத்தே, முந்தி ஒருத்தன் இருந்தான். வெத்து ஆளு. இது ஒண்ணாச்சும் இருக்கு" என்றாள் இருளாயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயலில் பயிர் நுனி மஞ்சளடிக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ரோஷப்பட அவளால் முடியவில்லை.

ஜோசியர் மறுபடி வந்து பத்துப் பொருத்தமும் அமோகம் என்றார். ஒன்றுக்கு வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்றினார்கள். தோள் இல்லாததால் மாலை இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. மணவறையில் அது முதுகு வளையாமல் நின்றதைப் பார்த்து, "மாப்பிள்ளைன்னா இப்பிடியில்ல இருக்கணும்" என்று பெண்கள் தங்கள் புருஷன்மார் காதுபடவே பேசிக்கொண்டார்கள். தாலியை அதன் சார்பில் சோணையின் அக்கா முடிந்தாள். கறிச்சோறு பந்திக்குப் பந்தி ஓடிற்று.

கல்யாணமான கையோடு மடை திறந்தது. "ஒண்ணு வீட்டுக்கு ஒரு முறை" என்று சோணை கூவ, வாய்க்கால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து வெடிப்புகளுக்குள் குடுகுடுவென்று இறங்கிற்று. இருளாயி முட்டி அளவு சேற்றில் நின்று பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் வாய்விட்டுக் கேட்டபோது வராதது, வாயே இல்லாத ஒன்றின் பேரில் வருகிறதே என்று நினைத்தபோது அந்தச் சந்தோஷத்தின் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. புருஷன் வரப்பில் வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பங்கு நாள் வந்தது. சோணை எழுபத்திரண்டு பேரைக் கூப்பிட்டான். எழுபத்து மூன்றாவதாக "ஒண்ணு!" என்று கூப்பிட, ஒன்று தலைக்கட்டுகளோடு வரிசையில் போய் நின்றது. "எழுபத்து மூணு பங்கு!" என்ற குரலுக்கு எண் உடம்பை உலுக்கிப் பிரிந்தது. எழுபத்து மூன்று கூறு உட்கார்ந்தது, நடுவிலே எழுபத்திரண்டு மிஞ்சி நின்றது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தேவசகாயத்துக்குப் போன் போட்டு அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை எங்கிருந்து வந்தாருங்க?" என்றார். எண்ணிலிருந்துதான் என்றார்கள். "பங்கு வாங்குற ஆளா அவரை வெளிய நிறுத்திட்டா, பங்கு போடுற எண்ணுல ஒண்ணு குறைஞ்சிருமே. ஒண்ணு குறைஞ்சா எழுபத்து மூணால வகுபடாது, எழுபத்திரண்டு மிச்சம் விழும். அவரு உள்ளயும் இருக்கணும் வெளியயும் இருக்கணும்னா எப்பிடிங்க?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குள் எழுபத்திரண்டு ஒன்றுகளும் தூசியைத் தட்டிக்கொண்டு, ஒரு ஊர்வலமாக, இருளாயி வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தன.

அதற்குப் பிறகு மில்லுக்கு யாரும் போக முடியவில்லை. எழுபத்திரண்டு ஒன்றுகள் வாசலையும் தெருவையும் அடைத்துக்கொண்டு நின்றன. ஊரில் மிளகாய்ப்பொடி தீர்ந்தது, அரிசிமாவு தீர்ந்தது. பங்கில்லாமல் இருந்துவிடலாம், குழம்பில்லாமல் எப்படி இருப்பது? ஒரு முற்பகலில் வெள்ளைக்கண்ணு அம்பலமே கிளம்பி வந்து, ஒன்றுகளுக்கு இடையில் துண்டைச் சுருட்டிக்கொண்டு புகுந்து, வியர்த்து வழிய மில் படியேறினார். அவர் அந்தப் படியை மிதித்தது அதுவே முதல் தடவை.

"இருளாயி, உன் புருஷனை அனுப்பி வையி. அவுக எண்ணுக்குள்ள போகட்டும்" என்றார். மரியாதை கொடுத்தே சொன்னார், என்ன இருந்தாலும் ஒரு தலைக்கட்டல்லவா.

"கட்டுன புருஷனை எப்பிடி மாமா அனுப்புறது? ஊர் கூடித் தீர்த்துவிட்டாத்தான ஆகும்?"

"தீர்த்துவிட்டாப் போச்சு."

"தீர்த்துவிட்டா நான் மறுபடி யாருமில்ல. தண்ணி நின்னுபோகும். பயிரு இப்பத்தான் பால் பிடிக்குது." இருளாயி ஜல்லடையைக் கீழே வைத்தாள். "அதும்போக, அவரு உள்ள போயிட்டா நீங்க எழுபத்திரண்டுதான். எழுபத்து மூணாவது யாருன்னு சோணை கேப்பான். என்ன சொல்லுவீக?"

அம்பலம் ஒன்றுகளைப் பார்த்தார். ஒன்றுகள் அவரைப் பார்த்தன. "கூத்தன்னு சொல்லிக்கிறலாம். செத்தவுக பேரைக் கூப்பிடுறது நமக்கு வழக்கந்தான" என்று இழுத்தார்.

"அப்பனைக் கூப்பிட்டா மேல வகையறாவுல ஈடு கேப்பாக. அப்பறம் எழுபத்து நாலு. இருபத்தஞ்சு மிஞ்சும். எல்லாம் என் வாசலுக்குத்தான் வரும்." அவள் அம்பலத்தை நேராகப் பார்த்தாள். "என் பேருதான் மாமா. வேற பேரு செல்லாது. ஊரு முன்னால அதச் சொல்றதா இருந்தா, புருஷனை விடுறேன். மொளகா அரைக்கணும்னா சொல்லி அனுப்புங்க."

அம்பலம் மூன்று வேளை ரசமில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தார். நாலாவது வேளை கொட்டுத் தட்டச் சொன்னார்.

பொட்டலில் ஊர் கூடிற்று; கொட்டுச் சத்தத்துக்கு எழுபத்திரண்டு ஒன்றுகளும் ஓடிவந்து எண்ணோடு சேர்ந்துகொண்டன. முதலில் தீர்த்துவிடுகிற காரியம் நடந்தது. இருளாயி தாலியைக் கழற்றவில்லை. துண்டையும் வேட்டியையும் அவிழ்த்து மடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். ஒன்று போகத் தயங்கிற்று. அவள் அதன் முதுகில் லேசாகக் கையை வைத்துத் தள்ளிவிட்டாள். அது நடந்துபோய் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், வாலில், தன் இடத்தில் நின்றுகொண்டது. வரப்பில் கூட நின்ற ஒரே துணையும் போயிற்று, பேர் மட்டும் இன்னும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் இருளாயிக்கு உயிரே போய் வந்தது. இப்போது அம்பலம் பேச்சு மாறினால் அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சோணை எழுபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்தான். "எழுபத்து மூணாவது?" என்றான்.

அம்பலம் செருமினார். "கூத்தன் மக" என்றார்.

"பேரு சொல்லணுங்க" என்றான் சோணை. "முறை அப்பிடித்தான்."

சாத்தையா தரையைப் பார்த்தார். பக்கத்து ஊர்க்காரன் எவனாவது நிற்கிறானா என்று இரண்டு பேர் ரோட்டை எட்டிப் பார்த்தார்கள். அம்பலம், விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு, "இருளாயி" என்றார். அந்த வேப்பமர நிழலில் நின்று ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்பிள்ளையின் பேரைத் திட்டுவதற்கல்லாமல் வேறு காரணத்துக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன்" என்றாள் இருளாயி. வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்து நின்றாள்.

எண் பிரிந்தது. எழுபத்து மூன்று கூறு. கூறுக்குத் தொண்ணூற்றொன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் தேடினார்கள். ஒன்றுமில்லை. அவரவர் பங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அது எதற்கு உதவும் என்று இன்னமும் யாருக்கும் தெரியாமல், வீட்டுக்குப் போனார்கள். இருளாயி தன் பங்கை மில் சுவரோரம் சாத்தினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திறந்துவிடப் போனாள்.

தும்பையேந்தல்காரர்கள் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் உடனே பங்கு பிரிக்காமல் தூங்குவார்களா? பிள்ளைகள் கேட்டார்கள், அப்பன்மார் பிரித்தார்கள். ஆனால் கணக்கு வாத்தியார் சொன்ன அந்த இன்னொரு எண்தான் ஒவ்வொரு வீட்டிலும் வந்து உட்கார்ந்திருந்தது, அதுவும் பகா எண். இரண்டு மகன்கள் இரண்டாகப் போட்டால் ஒன்று மிஞ்சிற்று. மூன்று மகன்கள் மூன்றாகப் போட்டாலும் ஒன்று, நான்கானாலும் ஒன்று. ஒற்றை மகன் இருந்த வீட்டில் அப்பனும் மகனும் ஆளுக்குப் பாதி என்றார்கள், அங்கேயும் ஒன்று. ஐந்து மகன்கள் இருந்த வீட்டில் இரண்டு மிஞ்சின. மிஞ்சினவை தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தன, இந்தத் தடவை வாசலைத் தாண்டவே இல்லை, நேராக அடுப்படிக்குள், பங்கில் பேர் வராத பெண்களிடம் போயின.

மறுவாரம் நாச்சம்மை மிளகாய்த் தூக்குவாளியோடு மில்லுக்கு வந்தாள். அவள் பின்னாலேயே ஒல்லியாக ஒரு ஒன்று வந்து நின்றது.

"இருளாயி, இது என்னன்னு கேளு. மூணு மகனும் பங்கு போட்டதுலருந்து என் பின்னாடியே திரியுது. உலை வச்சா உலைகிட்ட நிக்குது, தண்ணிக்குப் போனா தண்ணிக்கு வருது. ஒங்க மாமா வெரட்டிப் பாத்தாக, போக மாட்டேங்குது. நான் இத என்ன செய்யணும்?"

இருளாயி மில்லின் சுவிட்சைப் போட்டாள். சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்: "ஒண்ணும் செய்ய வேணாம் அத்தே. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. வர்றப்ப கூட்டிக்கிட்டு வாங்க."